பாலம் தூக்கியிருக்கிற நேரம்



போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. காலை மணி ஒன்பது இருபது. ஆட்டோவில் நானும் என் மாமியாரும் உட்கார்ந்திருக்கிறோம். முன்னால் வரிசையாக லாரிகள், ஒரு பள்ளிக்கூட வேன், பால் கேன் கட்டிய சைக்கிள், தலையில் துணி மூட்டையோடு இரண்டு பேர். அதற்கும் முன்னால் சாலை இல்லை. சாலை எழுந்து நிற்கிறது.

கொல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம் வராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹூக்ளி ஆற்றங்கரையில், நகரத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது எங்கள் பகுதி. நகரத்துக்குள் போகும் வழியில் கிதிர்பூர் துறைமுகத்தின் நீர்வழி குறுக்கே கிடக்கிறது. அதன்மேல் 1960களில் கட்டிய தூக்குப் பாலம். ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குக் கப்பல் போகவேண்டுமென்றால் பாலத்தைத் தூக்குவார்கள். பாம்பனில் ரயில் நிற்பதுபோல இங்கே ஊரே நிற்கும். ஹூக்ளி கடலோடு ஏறி இறங்குகிற ஆறு. கப்பல் எப்போது உள்ளே வரலாம், எப்போது வெளியே போகலாம் என்பதெல்லாம் அந்த நீரேற்றத்தைப் பொறுத்தது. அதனால் என் மாமியாரின் கண் டாக்டரை நாங்கள் எத்தனை மணிக்குப் பார்ப்போம் என்பதில் வங்காள விரிகுடாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

அன்றைக்குப் பாலம் இறங்கக் கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சும்மா இல்லை. அத்தையின் மங்கித் தொப்பி நழுவி காது தெரிந்தது, இழுத்துவிட்டேன். இந்த ஊரில் குளிர் வந்தால் வயதானவர்கள் எல்லோரும் அந்தக் கம்பளித் தொப்பியில்தான் இருப்பார்கள். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த என் அத்தையும் ஒன்பது கஜப் புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டார். பைலைத் திறந்து தாள்களை ஒருமுறை எண்ணினேன். முந்தின தடவை ஒரு மருத்துவமனையில் ஒரே ஒரு தாள் குறைந்தது என்று ஜன்னலிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். மூன்று மணி நேரம் நின்ற பிறகு. அதன் பிறகு நான் மூன்று இடத்தில் எண்ணுவேன்: வீட்டில், ஆட்டோவில், வரிசையில்.

என் வீட்டுக்காரருக்கு வேலை தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகத்தில். அது கார்டன் ரீச்சில்தான் இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் பி.என்.ஆர். என்றுதான் சொல்வார்கள், 1887இல் தொடங்கிய பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் பெயர் அது. 1955இல் தென்கிழக்கு ரயில்வே ஆனது. கொல்கத்தாத் தமிழர்கள் என்றால் லேக் மார்க்கெட் பக்கம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். வாழையிலை, கறிவேப்பிலை, காப்பிப் பொடி எல்லாம் அங்கே. ரயில்வே வேலையால் இந்தக் கரையில் ஒதுங்கியவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர். மாசத்துக்கு ஒருமுறை லேக் மார்க்கெட் போய்வந்தால் எனக்கு ஊருக்குப் போய்வந்த மாதிரி.

அன்றைய நாள் பாலத்தில் தொடங்கவில்லை. நாலே முக்காலுக்குத் தொடங்கியது. கார்ப்பரேஷன் தண்ணீர் விடிகாலையில் ஒரு நேரம் வரும். அதைப் பிடித்தால்தான் குடிக்க உண்டு. ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணித் தென் கொல்கத்தாவின் பெரும்பகுதிக்கு அனுப்புகிற நீர் நிலையம் எங்கள் கார்டன் ரீச்சில்தான் இருக்கிறது. அது பக்கத்தில் இருப்பதால் எங்கள் குழாய்க்கு ஒரு சலுகையும் இல்லை. குழாய் முதலில் இருமும், காற்று வரும், பிறகு பழுப்பாகக் கொஞ்சம், பிறகு தெளிவு. அந்தத் தெளிவு வரும்வரை குடத்தை வைக்கக் கூடாது. கையை நீட்டி, பார்த்து, நிற்க வேண்டும். ஜனவரிக் குளிரில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற அந்தப் பத்து நிமிடமும் காத்திருப்புத்தான்.

அதற்குள் இட்லி மாவைப் பார்க்க வேண்டும். இந்தக் குளிரில் மாவு புளிக்காது. பழைய போர்வையில் பாத்திரத்தைச் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கி வைப்பேன், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி. அன்றைக்கும் பொங்கவில்லை. தோசையாக ஊற்றினேன்.

இப்படிப் போகிற நேரத்தைக் கணக்கெடுக்கிறவர்களும் உண்டு. தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2019இலும் 2024இலும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடத்தியது. விடிகாலை நாலு மணி தொடங்கி மறுநாள் நாலு மணி வரைக்கும், அரை மணிக்கு ஒரு கட்டமாகப் போட்டு, இந்தக் கட்டத்தில் என்ன செய்தாய், அடுத்ததில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். 2024 கணக்கில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். குழந்தையையோ முதியவரையோ நோயாளியையோ பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு. 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் அதைச் செய்கிறார்கள், நாளுக்கு 140 நிமிடம். அதே வயது ஆண்களில் 21 சதவீதம் பேர், 74 நிமிடம்.

இந்தக் கணக்கை எடுத்தவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். 289 என்று ஒரு எண் கையில் இருப்பதும் இல்லாமலிருப்பதும் ஒன்றல்ல. உச்ச நீதிமன்றமே 2021இல், விபத்தில் இறந்துபோன ஒரு இல்லத்தரசிக்கான இழப்பீட்டைத் தீர்மானிக்கும்போது முந்தைய கணக்கெடுப்பின் எண்ணை எடுத்துக்காட்டியது. எனக்கு இருக்கிற ஒரே கேள்வி அந்த அரைமணிக் கட்டத்தைப் பற்றியது. ‘சமையல்’ என்று எழுதலாம். ‘துணி துவைத்தது’ என்று எழுதலாம். பாலம் இறங்கக் காத்திருந்ததை எந்தப் பெயரில் எழுதுவது? மற்றவரைப் பார்த்துக்கொள்கிற வேலையில் முக்கால்வாசி காத்திருப்பது. அதைச் செய்கிற நாங்களே அதை வேலை என்று சொல்லக் கூச்சப்படுகிறோம்.

கண் மருத்துவமனைக்கே வாருங்கள். சீட்டு வாங்க ஒரு வரிசை. பார்வை பார்க்க ஒரு வரிசை. பிறகு கண் பாப்பாவைப் பெரிதாக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். விட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. சரியாக விரியவில்லை என்றால் மறுபடியும். 82 வயதில் கண்ணை மூடிக்கொண்டு, தெரியாத சத்தங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது லேசில்லை. அத்தை என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்வார். கையைப் பிடிக்க மாட்டார், முந்தானையை. நடுநடுவே, “நம்ம பேர் கூப்பிட்டாங்களா?” என்பார். “இல்ல அத்தை, இன்னும் ஏழு பேர்.” பெயரை வங்காளி உச்சரிப்பில் கூப்பிடுவார்கள், ‘வ’ எல்லாம் ‘ப’ ஆகிவிடும். அதைக் காதில் பிடிப்பதும் என் வேலை.

இன்னொன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அத்தை காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். மாத்திரைக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். ஏனென்றால் அங்கே கழிப்பறை இன்னொரு கட்டிடத்தில், படியேறிப் போகவேண்டும். நான் கூட்டிக்கொண்டு போனால் வரிசையில் இடம் போய்விடும். சொட்டு மருந்து விட்ட கண்ணோடு படி தெரியாது. இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. தாகமில்லை என்றுதான் சொல்வார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதான பெண்களை அன்றைக்கு உற்றுப் பார்த்தேன். எல்லோர் பக்கத்திலும் தண்ணீர் பாட்டில் இருந்தது. எல்லாம் நிரம்பியே இருந்தது.

வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை, போய்வருகிறவரை இடத்தைக் காக்க ஒரு டோக்கன் எண். இதற்குப் பெரிய திட்டம் வேண்டாம்.

திரும்பி வந்தபோது மணி இரண்டு. ஆட்டோவை விட்டு இறங்கும்போதே பக்கத்து வீட்டு ஆபா வாசலில் நின்றார். உருது பேசுகிற குடும்பம், ஆபா என்றால் அக்கா. நாங்கள் இல்லாதபோது கேஸ் சிலிண்டரை வாங்கி வைத்திருந்தார். மொட்டை மாடியில் நான் காயப்போட்ட துணியை மடித்தும் வைத்திருந்தார். என்னை பாபி என்பார், அத்தையை அம்மாஜி என்பார். அத்தைக்கு உருது தெரியாது, ஆபாவுக்குத் தமிழ் தெரியாது. பதினோரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு அடுத்தது மட்டியாபுருஜ். 1856இல் ஆங்கிலேயர் நாட்டைப் பறித்த பிறகு அவத் நவாப் வாஜித் அலி ஷா வந்து தங்கிய இடம்; 1887இல் இறந்ததும் இங்கேதான். சமையல்காரர்கள், தையல்காரர்கள் என்று ஒரு பெரும் கூட்டம் அவர் பின்னால் வந்தது. இன்றைக்கு அந்தப் பகுதி முழுக்கத் தையல் தொழில். குழந்தைகளின் சட்டையும் கவுனும் இங்கிருந்து நாடெங்கும் போகிறது. தைத்து விற்கிற முதலாளியை ஓஸ்தாகர் என்பார்கள். மெஷின் வேலை பெரும்பாலும் ஆண்களுக்கு. தைத்து முடித்த துணியில் தொங்குகிற நூலை வெட்டுவது, பொத்தான் வைப்பது போன்றவை மூட்டையாக வீடுகளுக்கு வரும். அது பெண்களுக்கு. உருப்படிக் கணக்கில் கூலி.

ஆபா அந்த வேலை செய்கிறார். சின்னக் கத்தரி ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அடங்குகிற அளவு. கவுனைப் புரட்டி, கைக்குழியில், கழுத்தில், இடுப்புப் பட்டையில் நூல் முனையைத் தேடி, துணியில் படாமல் வெட்டவேண்டும். அடுப்பில் சோறு இருக்கும்போது, பேரன் தூங்கும்போது, தண்ணீருக்குக் குடம் வைத்திருக்கும்போது வெட்டுவார். காத்திருப்பு நேரத்தைக் காசாக்கிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவர்தான். ஆனால் அவர் பேரனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் மூட்டை அப்படியே திரும்பிப் போயிற்று. பார்த்துக்கொள்கிற வேலை நிஜமாக வந்துவிட்டால் இன்னொரு வேலைக்கு இடம் கொடுக்காது.

பெண்கள் கையில் மாதாமாதம் அரசு பணம் கொடுக்கிற திட்டங்களும் வந்தன. மேற்கு வங்கத்தில் லட்சுமிர் பண்டார், 2021இல் தொடங்கியது. நம் தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது, அப்போது மாதம் 1,000 ரூபாய். உதவித் தொகை என்று வைக்காமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்தது எனக்குப் பிடிக்கிறது. அதே 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தார். பணமும் வேண்டும், பங்கும் வேண்டும். கூடவே இன்னொன்றும் வேண்டும்: வரிசையில் நிற்க இன்னொரு ஆள். என் வீட்டுக்காரர் நல்லவர். மாத்திரை தீருமுன் வாங்கி வந்துவிடுவார். ஆனால் வாங்குவது கால் மணி வேலை. அந்தப் பெஞ்சில் மணிக்கணக்காக உட்காருவதை இந்த மாதத்திலிருந்து நாங்கள் மாற்றி மாற்றிச் செய்வதாகப் பேசியிருக்கிறோம். நான் கேட்டேன், அவர் சரி என்றார். முப்பது வருடத்தில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் ஆபா வாசல் திண்ணையில் மூட்டையைப் பிரித்தார். மருந்தின் வேகம் குறைந்து கண் தெளிந்ததும் அத்தையும் போய் உட்கார்ந்துகொண்டார். அத்தைக்குக் கத்தரி தரமாட்டார் ஆபா. வெட்டிய கவுன்களை மடித்து அடுக்குவது அத்தையின் பங்கு. ஆற்றுப் பக்கமிருந்து கப்பல் ஊதியது.

“காலைல போச்சே, அதுவா?” என்றார் அத்தை.

“அது வேற அத்தை.”

உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றினார். புடவையெல்லாம் சிவப்பு நூலும் மஞ்சள் நூலுமாக ஒட்டியிருந்தது. விடிகாலை பிடித்து வைத்த குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே அண்ணாந்து முழுவதும் குடித்தார். சொம்பை மறுபடியும் என்னிடம் நீட்டினார்.