பல்துறைக் கல்வி எல்லா மாணவருக்கும் உரியது

பட்டப்படிப்புக்குக் கடமைகள் இரண்டு. ஒரு தொழிலுக்கு வேண்டிய திறனை வளர்ப்பது முதற்கடமை. அந்தத் திறனை எதற்காக, யாருக்காகப் பயன்படுத்துவது என்று சீர்தூக்கும் அறிவைத் தருவது இரண்டாம் கடமை. வரலாறு, இலக்கியம், மெய்யியல், பொருளியல், கணிதம், அறிவியல் ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பிக்கும் பல்துறைக் கல்வியால்தான் இரண்டாம் கடமை நிறைவேறும். தமிழ்நாட்டிலோ முதற்கடமையே முழுக் கல்வி என்றாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மருத்துவமா, பொறியியலா என்று வீடுதோறும் கணக்குப் போடுகிறார்கள். இரண்டும் கிடைக்காதவருக்கே கலைக் கல்லூரி என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் மாணவருக்கும் கேடு, நாட்டுக்கும் கேடு.

கலையும் அறிவியலும் பகையல்ல. இடைக்காலப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இலக்கணம், தருக்கம், அணியியல், எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்ற ஏழும் ஒரே பாடத்திட்டத்தில் இருந்தன. சட்டமும் மருத்துவமும் அதற்குப் பிறகே வந்தன. விடுதலை பெற்ற இந்தியா 1948-இல் அமைத்த இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையமும் பட்டப்படிப்பில் பொதுக்கல்வியைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் இன்றும் பொறியியல் மாணவர் கலை, சமூக அறிவியல் பாடங்களைப் படித்தாக வேண்டும்.

இக்கல்வியின் பயனுக்கு அம்பேத்கரின் வாழ்வு சான்று. 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர் பொருளியலோடு வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானுடவியல் பாடங்களையும் கற்றார். சாதியின் தோற்றம் பற்றிய அவருடைய 1916-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு மானுடவியல் கருத்தரங்கில் படிக்கப்பட்டது. சட்டம் மட்டுமே தெரிந்தவரால் அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகளை எழுதியிருக்க முடியும். ஆனால் சமூகத்தில் சமத்துவம் இல்லாதபோது வாக்குரிமைச் சமத்துவம் நிலைக்காது என்று எச்சரிக்க, சமூகத்தை அதன் வேர்வரை படித்த ஒருவர் தேவைப்பட்டார்.

கீழடி அகழாய்வும் இதையே காட்டுகிறது. அங்கே கிடைத்த கரி மாதிரி ஒன்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. அந்தக் காலத்தைக் கணித்தது ஆய்வகம். பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்தைப் படித்துச் சொல்ல எழுத்தியல் அறிஞர் வேண்டும். அங்கே வாழ்ந்தவர்களின் வாழ்க்கையை விளக்க வரலாறும் சங்க இலக்கியமும் கற்றவர் வேண்டும். இவர்களை உருவாக்கும் துறைகளை வாடவிட்டுத் தமிழரின் தொன்மையை மேடையில் மட்டும் முழங்குவதில் பயனில்லை.

“வேலை கிடைக்குமா?” என்ற கேள்வி நியாயமானது. கடன்பட்டுப் படிக்கவைக்கும் பெற்றோர் அதைக் கேட்கத்தான் வேண்டும். அதற்கு ஜப்பானில் ஒரு விடை உண்டு. 2015-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம், கலை, சமூக அறிவியல் துறைகளை மூடவோ மாற்றியமைக்கவோ தேசியப் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தொழில்துறையின் விருப்பமே இதற்குக் காரணம் என்ற பேச்சு எழுந்தது. பெருநிறுவனங்களின் கூட்டமைப்பான கெய்தான்ரென் அதை வெளிப்படையாக மறுத்தது. உடனடிப் பயன் தரும் ஆட்களைத் தொழில்துறை நாடவில்லை, துறை எல்லைகளைக் கடந்து சிந்திப்பவர்களையே நாடுகிறது என்று அறிக்கை விட்டது. மென்பொருள் கருவிகள் சில ஆண்டுகளில் மாறிவிடும். தெளிவாக எழுதவும் வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடிக்கவும் பெற்ற பயிற்சி பணிக்காலம் முழுவதும் உடன்வரும்.

இந்தியாவில் இன்று பல்துறைக் கல்வி, ஆண்டுக்குப் பல இலட்சம் ரூபாய் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்களில் பெருமையோடு விற்கப்படுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த அரசு கலைக் கல்லூரிகளிலோ நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில் பாடம் நடத்துகிறார்கள். வசதி படைத்தவருக்குச் சிந்திக்கும் கல்வி, வறியவருக்கு ஏவல் செய்யும் பயிற்சி என்ற இந்தப் பாகுபாடு சமூகநீதிக்கு எதிரானது.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். கல்லூரி நூலகங்களை மாலையிலும் திறந்துவைக்க வேண்டும். இயற்பியல் மாணவர் இலக்கியத்தையும், வரலாற்று மாணவர் புள்ளியியலையும் விரும்பிப் படிக்க வழிசெய்ய வேண்டும். இந்த அவையில் கூடியிருக்கும் மாணவர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் இதைச் சலுகையாக வேண்டாமல் உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டும்.