கொல்லைக் கோழிகளோடு அசில் ஜாதியைச் சேர்க்கலாமா?

கொல்லையில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கோழிகளை வளர்க்கும் குடியானவர், சந்தைக்குப் போனவிடத்தில் ஓர் அசில் சேவலைக் கண்டு மயங்கி வாங்கி வருவதுண்டு. அதில் வியப்பொன்றுமில்லை. நிமிர்ந்த கழுத்தும், நீண்டு உறுதியான கால்களும், ராஜநடையும் உடைய பறவை அது. அரபு மொழியில் அப்பெயருக்கு உயர்குலத்தது என்பது பொருள். தமிழ் நாட்டில் இதனையொத்த பெரிய கோழிகளைப் பெருவிடை என வழங்குவர். ஆயினும், அதனைக் கொல்லையில் அவிழ்த்து விடுமுன், வீட்டு அம்மாள் முட்டை விற்று உப்புக்கும் எண்ணெய்க்கும் சேர்க்கும் காசு என்னவாகும் என்று யோசித்தல் வேண்டும்.

இந்த ஜாதி பன்னெடுங்காலமாகச் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்க்கப்பட்டது. சேவல் 4 முதல் 5 கிலோ வரையும், பெட்டை 3 முதல் 4 கிலோ வரையும் நிறையுடையது. கொண்டையும் தாடியும் மிகச் சிறியனவாதலின், எதிரி கவ்வுதற்கு இடமில்லை. சேவல் மட்டுமே போர்க்குணமுடையது என்று எண்ணுதல் பிழை. பெட்டைகளும் பொருதும்; சில வாரக் குஞ்சுகளே ஒன்றையொன்று இரத்தம் வரக் கொத்திக்கொள்ளும்.

எல்லாக் கோழிகளும் தம்முள் மேல் கீழ் என்று ஒரு வரிசை வகுத்துக்கொள்கின்றன. நார்வே தேசத்து ஷெல்டெருப்-எப்பே என்பவர் 1921-இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். நாட்டுக் கோழிகளில் தோற்றது ஒதுங்கிப் போய்விடும். சில தினங்களில் அமைதி உண்டாகும். அசிலோ எளிதில் ஒதுங்குவதில்லை; ஆதலின் வரிசை நிலைபெறாமல் பூசல் நீளும். கூட்டத்தில் பெரிய கொண்டையுடைய லெகார்ன் கோழிகள் இருப்பின் கேடு அதிகம். கொண்டை கிழிந்து இரத்தம் கண்டால், அதுவரை சாதுவாயிருந்த கோழிகளும் அங்கேயே கொத்தத் தொடங்கும். அச்சத்தில் ஓடித்திரியும் கோழி வயிறாரத் தின்பதில்லை, முட்டையும் குறையும்.

குணங்களையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. இறைச்சிக்கு அசில் சிறந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அசில் இரத்தங் கலந்து உண்டாக்கிய கார்னிஷ் ஜாதியே, இன்று உலகெங்கும் விற்கும் பிராய்லர் கோழியின் முன்னோரில் ஒன்று. அசில் பெட்டை முட்டை குறைவாகவே இடும். ஆனால் 21 நாளும் பொறுமையாய் அடைகாத்து, குஞ்சுகளை நெருங்கும் காகத்தையும் பூனையையும் எதிர்த்து நிற்கும்.

ஆகவே, கொல்லையில் வேறு சேவல் இருக்கும்வரை அசில் சேவல் கூடாது. இரண்டில் ஒன்று சாகும். அல்லது இரண்டும் கெடும். பழைய சேவலை விற்றுவிட்டு, இறைச்சிக் குஞ்சுகளுக்காக அசில் சேவல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்போதும், பெட்டைகள் மிகச் சிறியனவாயின், அதன் பாரத்தாலும் நகத்தாலும் அவற்றின் முதுகு புண்படும். முட்டைக் காசே பிரதானமாயுள்ள வீட்டுக்கு இந்த ஜாதி ஏற்றதன்று. அடைக்கென ஒரு பெட்டை வேண்டுமாயின், தனிக் கூடு கொடுக்க இடமுள்ளவர் வாங்கலாம். சேவற்கட்டை மனத்திற் கொண்டு வாங்குவோர், பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமென்பதை அறிவார்களாக.

வாங்கிய பறவையை உடனே கூட்டத்தில் விடலாகாது. வெள்ளைக் கழிச்சல் முதலிய நோய்கள் இவ்வாறே வீடு புகுகின்றன. மூன்று நான்கு வாரம் தூரத்தில் தனியே வைத்துப் பார்த்த பின், ஒரு வாரம் பஞ்சாரத்தில் அடைத்து, மற்றவை காணும்படி வைக்கவேண்டும். பின்பு தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைத்து, மாலையில் சிறிது நேரம் திறந்துவிட்டு, அருகிலேயே ஒருவர் இருந்து கவனிக்கவேண்டும். இரண்டு வாரத்துக்குப் பின்னும் பெட்டைகள் தீனியண்டை வர அஞ்சினால், அந்தப் பறவையை அடுத்த சந்தையிலேயே விற்றுவிடலாம்.