கூலியில்லாப் பண்ணை வேலை

1971-இல் லண்டனில் செயலாளராக இருந்த சூ கொப்பார்ட் என்ற மாது, வார இறுதியில் பண்ணையில் உழைத்து அங்கேயே உண்டு உறங்கும் முறையைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளில் நடக்கிறது.

கூலியில்லா வேலையென்றால் நம் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒப்பந்தக்கூலியின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா! போக விரும்பும் பிள்ளையை நாம் தடுக்க வேண்டாம். எத்தனை மணி நேர வேலை, அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கட்டும். முன்பு தங்கியவரையும் விசாரிக்கட்டும். சுற்றுலா விசாவில் போனால், சில நாடுகள் இதையும் வேலையென்றே கொள்ளும். பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டும் வீட்டில் ஒரு நாளும் தங்கலாகாது; திரும்பும் காசு தனியே இருக்கட்டும்.

பண்ணைக்காரரும் முன்பின் அறியாதவரைத்தான் தம் பிள்ளைகள் உறங்கும் வீட்டில் சேர்க்கிறார். அவர் நம்மைத் துருவிக் கேட்டால் கோபிக்காமல் பதில் சொல்வோம்.