சிமிழின் உட்பக்கத்துக்கும் கூலி உண்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)



நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. "உங்க குழு செய்யற மரச் சிமிழைப் பத்திப் பத்து நிமிஷம் பேசும்மா"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால் வாயை மட்டும் நம்பாமல் நாலு சிமிழைக் கையோடு கொண்டு வந்திருக்கேன். பார்த்துட்டு அடுத்தவங்களுக்குக் கொடுங்க. மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்க. நான் பேசப் போறது அந்த உட்பக்கத்தைப் பத்தித்தான்.

குங்குமச் சிமிழ் நமக்குப் புதுசு இல்லை. சின்ன வயசில் சொப்பு வச்சு விளையாடாதவங்க இங்கே யாரும் இருக்க மாட்டீங்க. சித்திரைத் திருவிழாவுக்குப் போனால் சொப்பு வாங்காமல் வீடு திரும்ப மாட்டோம். குடம், அடுப்பு, உரல், திருகை எல்லாம் கட்டைவிரல் உயரத்தில் இருக்கும். மரச் சொப்புக்குப் பேர் போன ஊர் திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம். அங்கே முன்னே மஞ்சக்கடம்பு மரத்தில் கடைஞ்சாங்க. கர்நாடகாவில் சென்னப்பட்டணம், ஆந்திராவில் ஏட்டிகொப்பாகா என்று இன்னும் இரண்டு ஊர் இருக்கு. அந்த இரண்டு ஊரிலும் வெட்பாலை மரத்தில் செய்யறாங்க. சுத்துகிற மரத்தின் மேல் சாயம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பாங்க. உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கும். சென்னப்பட்டணத்தில் அது மேலே தாழை ஓலையை வச்சுத் தேய்ச்சுப் பளபளப்பு ஏத்துவாங்க. இரண்டு ஊர்ப் பொருளுக்கும் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. பிளாஸ்டிக் வந்த பிறகு இந்தத் தொழிலுக்கு எங்கேயும் கஷ்டம்தான். ஆனாலும் அழிஞ்சு போகலை.

நம்ம பக்கம் மஞ்சக்கடம்புக்கும் வெட்பாலைக்கும் எங்கே போறது? நமக்குக் கிடைக்கிறது சீமைக்கருவேலம். கண்மாயைப் பிடிச்சது, தரிசைப் பிடிச்சது, ஆடு மாடு காலில் முள்ளு ஏத்தினது என்று நாம திட்டாத நாள் இல்லை. 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையே இதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் டன் கணக்கில் லாரியில் போகுது. ஆனால் இதன் வைரம் பாய்ஞ்ச பகுதி நல்ல கெட்டி. செம்பழுப்பு நிறம். காயும்போது மத்த மரத்தைவிடக் கம்மியாகத்தான் சுருங்கும். அமெரிக்காவில் இதோட பங்காளி மரம் ஒன்று இருக்கு, மெஸ்கீட் என்று பேர். அதில் கிண்ணமும் டப்பாவும் கடைஞ்சு நல்ல விலைக்கு விக்கிறாங்க. எங்களுக்குக் கடைசல் சொல்லிக் கொடுத்த ஆசாரி அண்ணன் கட்டில் காலும் பூரிக்கட்டையும் கடையறவர். அவர்தான், "வயசான கருவேலமா பாத்து எடுங்கம்மா, ஏமாத்தாது"ன்னு சொன்னார்.

மரம் சும்மா கிடைச்சாலும் சிமிழ் சும்மா வராது. தொடை பருமன் கட்டை வேணும். நட்டநடுப் பகுதியை விட்டுடணும், வெடிப்பு அங்கேயிருந்துதான் கிளம்பும். ஓரத்து வெள்ளைப் பகுதியையும் எடுத்துடணும், அதில் வண்டு விழும். பட்டா நிலத்து மரம் என்றால் சொந்தக்காரங்ககிட்டக் கேட்டு எடுக்கணும். புறம்போக்கு என்றால் ஊராட்சியில் கேக்கணும்.

அடுத்தது காய வைக்கிறது. ஆரம்பத்தில் மதுரையில் ஒரு மரக்கடையில், "நல்லாக் காஞ்ச கட்டை"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அதில் கடைஞ்ச 12 சிமிழும் ஒரே மாசத்தில் மூடி இறுகிப் போச்சு. காரணம் ஆசாரி அண்ணன் விளக்கினார். ஈர மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. வளையம் ஓடுகிற போக்கில் அதிகம் சுருங்கும், அதற்குக் குறுக்கே கம்மியாகச் சுருங்கும். வட்டமாகக் கடைஞ்சது முட்டை வடிவம் ஆயிடும். அப்புறம் வட்ட மூடி எப்படித் திரும்பும்?

அன்னைக்கிருந்து யார் வார்த்தையையும் நம்புறதில்லை, தராசைத்தான் நம்புறோம். துண்டு போட்ட கட்டையின் இரண்டு முனையிலும் மெழுகு பூசி நிழலில் அடுக்குவோம். முனை வழியாக ஈரம் வேகமாகப் போனால் வெடிக்கும், அதுக்குத்தான் மெழுகு. வாரம் ஒரு தடவை எடை போட்டுக் கட்டை மேலேயே எழுதுவோம். 400 கிராம் இருந்தது 370 ஆகும், 340 ஆகும். 310-ல் வந்து மூணு நாலு வாரம் அசையாமல் நின்னால் காஞ்சிருச்சு என்று அர்த்தம். மளிகைக்கடைத் தராசு போதும். பொறுமைதான் வேணும்.

இப்ப கடைசல். கட்டையை லேத்தில் மாட்டி முதலில் வெளிப்பக்கத்தை உருட்டுவோம். இது கண்ணுக்குத் தெரியற வேலை, கால் மணி நேரத்தில் முடிஞ்சிரும். அதே கட்டையிலிருந்து மூடிக்கான துண்டைத் தனியாக வெட்டுவோம். ஒரே கட்டை என்றால்தான் மூடியிலும் உடம்பிலும் ரேகை ஒன்றோடு ஒன்று சேர்ந்து வரும். மூடியை முதலில் குடைவோம். அப்புறம் உடம்பு. நடுவில் துளை போடுவோம். அடியில் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சணும், அதுக்குத் துளைக்கம்பியில் டேப் ஒட்டி அடையாளம் வச்சிருப்போம். அந்தத் துளையிலிருந்து ஓரத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக உளியை நகர்த்தணும்.

உள்ளே உளி என்ன செய்யுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. காதால் கேக்கணும். சுவர் தடிமனாக இருக்கிறப்ப ஒரு சத்தம், மெலிசாக ஆக ஆக இன்னொரு சத்தம். சந்தேகம் வந்தால் லேத்தை நிறுத்தி, அது முழுசாக நின்ன பிறகுதான் விரலை விடணும். கருவேலம் கெட்டி மரம், உளி சீக்கிரம் மழுங்கும். ஒரு சிமிழுக்கு மூணு தடவையாவது தீட்டணும். கடைசியாக வாயோரத்தில் படி வெட்டி, மூடியைப் போட்டுப் பார்த்துப் போட்டுப் பார்த்துச் சேர்க்கணும். ஒரு இழை கூடினால் மூடி ஏறாது, ஒரு இழை குறைஞ்சால் நிக்காது. வெளியே கால் மணி, உள்ளேயும் மூடியுமாக முக்கால் மணி. ஆக ஒரு சிமிழுக்கு ஒரு மணி நேரம்.

லேத்தில் நிக்கிறவங்களுக்கு ஒன்று சொல்லியே ஆகணும். முந்தானையை இழுத்துச் செருகி, மேலே முழுக்கைச் சட்டை போட்டு, கையைப் பட்டன் போட்டுக்கணும். ஜடையைச் சுருட்டிக் கொண்டை போட்டுத் துணி கட்டணும். வளையலைக் கழட்டணும், தாலிச் சங்கிலி சட்டைக்குள்ளே இருக்கணும். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் சுவிட்சைப் போடவே கூடாது. மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது.

இனிமேதான் முக்கியமான விஷயம். சரக்கு தயாரானதும் டவுனில் ஒரு கடைக்காரர்கிட்டக் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, 35 ரூபாய் தர்றேன், மாசம் 100 கொடுங்க"ன்னார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். "ஒத்துக்கலாம், வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே"ன்னு எங்க குழுவில் ஒரு அக்கா சொன்னாங்க. அவங்களுக்குப் பிள்ளை பீஸ் கட்ட வேண்டிய நெருக்கடி. நாங்க நோட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

ஒரு சிமிழுக்கு மரம் 2 ரூபாய், அறுப்புக் கூலி 3, அரக்கும் மெழுகும் 3, உப்புத்தாள் 2, கரண்ட் 2. மொத்தம் 12. லேத், மோட்டார், உளி எல்லாம் வாங்க 38 ஆயிரம் கடன். இரண்டு வருஷத் தவணையில் மாசம் சுமார் 1,800 கட்டறோம். மூணு பேர் முறை வச்சு, ஒரு நாளைக்கு ஒருத்தி லேத்தில் நிக்கிறோம். காலையில் மூணு மணி நேரம், மதியம் மூணு மணி நேரம், ஆறு சிமிழ். மாசம் 25 நாளைக்கு 150 சிமிழ். தவணையைப் பங்கு போட்டால் சிமிழுக்கு இன்னொரு 12 ரூபாய். ஆக அடக்கம் 24.

35-க்கு விற்றால் மிச்சம் 11. ஆறு சிமிழுக்கு 66 ரூபாய். ஆறு மணி நேரம் நின்னு, தூளைத் தின்னு, கண்ணைக் காதாக்கி வேலை பாத்ததுக்கு 66 ரூபாய்! நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் நம்ம மாநிலத்தில் ஒரு நாள் கூலி 336. அந்தக் கூலி வரணும் என்றால் சிமிழ் என்ன விலை? 80 ரூபாய். 80-ல் 24 போனால் 56, ஆறு சிமிழுக்குச் சரியா 336. அதுக்கு மேலே ஒரு பைசா லாபம் இல்லை. வெறும் கூலிதான்.

கடைக்காரர் மேலே எனக்குக் கோபம் இல்லை. அவர் வெளிப்பக்கத்தைப் பார்த்து விலை சொன்னார். உள்ளே போன முக்கால் மணி நேரம் அவருக்கு எப்படித் தெரியும்? நாமதானே சொல்லணும். நாமே அதைச் "சும்மா இருக்கிற நேரம்"னு சொன்னால் அவர் எதுக்குக் காசு கொடுக்கிறார்? சமையல், துணி, மாடு, பிள்ளை என்று வீட்டில் நாம செய்யற வேலை எதுவும் கணக்கில் வர்றதில்லை. அந்தப் பழக்கம் விற்கிற பொருளுக்கும் வந்துருச்சு.

80-க்கு வேண்டாம்னு அவர் சொல்லிட்டார். இன்னொரு கடையிலும் அதே பதில். மூணாவது கடையில் 30 எடுத்தாங்க. அதுவரைக்கும் அந்த அக்கா எப்படிக் காத்திருந்தாங்க தெரியுமா? குழுச் சேமிப்பிலிருந்து 4,000 ரூபாய் உள்கடன் கொடுத்தோம். பீஸ் கட்டியாச்சு. சரக்கை 35-க்குத் தள்ளிவிடற அவசரம் போச்சு. ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் வைக்க 120 சிமிழ் கேட்டாங்க, 80 ரூபாய்க்கே. கொலு சமயத்தில் இன்னும் 65 போச்சு. மாசம் 150 விற்கிற அளவுக்கு இன்னும் வரலை, அதையும் மறைக்க மாட்டேன். விற்கிற மாசம் தவணை சுகமாகப் போகுது, விற்காத மாசம் மூணு பேரும் பகிர்ந்து கட்டறோம். ஆனால் கூலியைக் குறைச்சு ஒன்று கூட விற்கலை.

நாம வாரா வாரம் போடற சேமிப்பு கடன் வாங்கறதுக்கு மட்டும் இல்லைன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. கட்டை காயற வரைக்கும் காத்திருக்கிற மாதிரி, நியாயமான விலை வர்ற வரைக்கும் காத்திருக்கவும் அதுதான் கை கொடுக்குது.

அதனால் இந்தக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அப்பளம் போடறவங்க, மசாலா அரைக்கிறவங்க, கூடை பின்னறவங்க, தையல் தைக்கிறவங்க எல்லாக் குழுவும் தீர்மான நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்க. பொருள் செலவு, கடன் பங்கு, எத்தனை மணி நேரம், ஒரு நாள் கூலி என்று நாலு வரி எழுதுங்க. அந்தக் கணக்குக்குக் கீழே யாரும் விலை பேசக் கூடாதுன்னு கூட்டமைப்பே தீர்மானம் போடணும். ஒரு குழு 80 சொல்லி, பக்கத்துக் குழு 40 சொன்னால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

கடைசல் கத்துக்க ஆசைப்படறவங்க எங்க ஊருக்கு வாங்க. லேத் இருக்கு, காஞ்ச கட்டையும் இருக்கு. உளி பிடிக்க நாங்க சொல்லித் தர்றோம்.

சுத்துக்கு விட்ட சிமிழ் நாலையும் மறக்காமல் மேடைக்கு அனுப்பிருங்க. வேணுங்கிறவங்க வச்சுக்கலாம், 80 ரூபாய்.