நோக்கி நடத்தலும் நோக்கி எடுத்தலும்

(மகாவீர் ஜெயந்தி விழாவையொட்டிப் பாளையங்கோட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சமய விழாவில் முதுகுவலியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. நம் பெரியோர் பலர் ஜினாலயத்துக்கு வருவது குறைந்திருக்கிறதே, அது பக்தி குறைந்ததனால் அன்று. படி ஏற முடியவில்லை, தரையில் அமர்ந்தால் எழ முடியவில்லை, இவையே காரணம். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்புவலியால் துன்புற்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குக் கூறுகிறது. நான் மருத்துவம் பயிலவில்லை. தமிழ் பயின்று, பயிற்றுவித்து, ஓய்வு பெற்றேன். ஆகவே புதிய மருந்து எதனையும் சொல்ல வரவில்லை. நம் சமயம் முன்பே சொல்லி வைத்திருக்கும் ஓர் ஒழுக்கம் நம் உடலையும் காக்க வல்லது என்பதை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன்.

இம்சைக்கு வேர் எது? பிரமாதம், அஃதாவது கவனமின்மை, என்பது நம் ஆகம நெறி. அக்கவனமின்மையைக் களையவே முனிவர்க்கு ஐந்து சமிதிகள் விதிக்கப்பட்டன. அவற்றுள் ஈரியா சமிதி என்பது, முன்னே நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, சிற்றுயிர்க்கு ஊறு நேராதபடி நடத்தல். ஆதான நிக்ஷேபண சமிதி என்பது, ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நோக்கி எடுத்து, நோக்கி வைத்தல். இவை பிற உயிர்களைக் காக்க எழுந்த விதிகள். ஆயினும் எறும்பைக் காக்கும் அதே கவனம், எடுப்பவனுடைய முதுகையும் காக்கிறது.

எடுத்தலை முதலில் பார்ப்போம். நம் முதுகெலும்பு 33 முள்ளெலும்புகளால் ஆனது. மேலுள்ள 24 எலும்புகள் அசையும் இயல்புடையவை; அவற்றின் இடையிடையே மெத்தைபோல் வட்டுகள் அமைந்துள்ளன. காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து, கையை நீட்டி ஒரு பாரத்தைத் தூக்கினால், அப்பாரத்தின் எடையைப்போல் பல மடங்கு அழுத்தம் இடுப்பு வட்டுகளின்மேல் விழும். தூக்கியபடியே உடலைத் திருகினால் தீங்கு இன்னும் மிகும். நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் உள்ள வாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. ஒரு குடம் நீர் 15 கிலோ வரை இருக்கும். இவற்றை எடுக்குமுன் ஒரு நொடி நின்று நோக்குக. பொருளின் அருகே செல்க. முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு அணைத்து, கால் வலிமையால் எழுக. திரும்ப வேண்டுமாயின் இடுப்பைத் திருகாது, பாதத்தைப் பெயர்த்து வைத்துத் திரும்புக. குடத்தை என்றும் ஒரே இடுப்பில் சுமவாது, சிறு குடங்களாக்கிச் சுமக்க. மனம் ‘இது நம்மால் ஆகாது’ என்று சொன்னால் மற்றொருவரை அழைக்க. அதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்து நடத்தல். முதியோர்க்கு நேரும் இடுப்பெலும்பு முறிவுகளுள் பெரும்பாலானவை தவறி விழுவதனால் வருவன. தாமிரபரணிப் படித்துறைகளில் பாசி படிந்த படியும், நம் வீட்டுக் குளியலறையின் ஈரத் தரையும், நள்ளிரவில் விளக்கிடாமல் நடக்கும் முற்றமும் ஒன்றுபோல் ஆபத்தானவை. நோக்கி நடத்தல் என்னும் விதி இங்கே உயிர்காக்கும் விதியாகிறது.

நடையே ஒரு மருந்தும் ஆகும். முதுகுவலி வந்து நீங்கியவர்கள் 701 பேரைக்கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு, 2024இல் லான்செட் இதழில் வெளிவந்தது. படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டி, உரிய அறிவுரையும் பெற்றவர்க்கு, வலி மீண்டும் வரும் வரையுள்ள இடைக்காலம் நடுத்தரமாக 208 நாள்; அவ்வாறு செய்யாதவர்க்கு 112 நாள். செலவில்லா மருந்து இது. ஊர் ஊராகக் கால்நடையாகவே செல்லும் முனிவர்களை வணங்கும் நாம், தெருக்கோடிக் கடைக்கும் வண்டியில் செல்வது முறையாகுமா?

நிற்றலுக்கும் நமக்கு ஒரு பாடம் உண்டு. முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்துள்ள கழுகுமலையை நீங்கள் அறிவீர்கள். குரத்தியராகிய பெண் ஆசிரியர்களின் பெயர்களைக் கல்வெட்டில் தாங்கி நிற்கும் அம்மலையில், பார்சுவநாதரும் பாகுபலியும் காயோத்சர்க்க நிலையில் நிற்கும் சிற்பங்களைக் கூர்ந்து பாருங்கள். இரு பாதங்களிலும் எடை சமமாக இருக்கிறது. தோள்கள் தளர்ந்து, கைகள் இயல்பாகத் தொங்குகின்றன. கழுத்து நேராக இருக்கிறது. உடற்பற்றை விடுவதற்கான நிலை அது. எனினும், அடுப்படியிலும் வகுப்பறையிலும் கடையிலும் மணிக்கணக்காக ஒரு காலில் சாய்ந்து நிற்போர்க்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. கைப்பேசியை மடியில் வைத்து மணிக்கணக்காகத் தலை கவிழ்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அச்சிற்பங்களைக் காட்டுங்கள். தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது முன்சாயச் சாய, கழுத்துத் தசைகள் சுமக்கும் பாரம் கூடுகிறது.

இனி அமர்தல். இப்பள்ளத்தாக்கில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் தாய்மாரும், பத்தமடையில் தரைத்தறியின்மேல் குந்திக் கோரைப்பாய் நெய்வோரும் நாள் முழுதும் வளைந்த முதுகோடு உழைக்கின்றனர். அலுவலகக் கணினிமுன் இருப்போர் நிலையும் இதுவே. ஒரே நிலையில் நெடுநேரம் இராது, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நான்கடி நடந்து வருதல் நலம். சாமாயிகம் 48 நிமிடம். முழங்கால் இடங்கொடாத பெரியவர், முதுகை நேராக வைத்து நாற்காலியில் அமர்ந்து அதனைச் செய்யட்டும். சமநிலை மனத்துக்கு உரியது. அது தரைக்கும் நாற்காலிக்கும் வேற்றுமை பாராது.

‘உடலை வருத்துவது தவம் அல்லவா? காயக்கிலேசம் புறத்தவங்களுள் ஒன்றாயிற்றே!’ என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால், அறிந்து, அளவிட்டு, விரும்பி ஏற்கும் துன்பமே தவம். கவனமின்மையால் தேடிக்கொள்ளும் துன்பம் பிரமாதத்தின் பயனேயன்றித் தவமாகாது. திருநெல்வேலிக்கு அருகே மறுகால்தலையில், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுடன் கூடிய கற்படுக்கை இருக்கிறது. அது துறந்தோர்க்கு உரியது. முதுகுவலியுள்ள இல்லறத்தார் வெறுந்தரையில் கிடக்க வேண்டும் என்பதில்லை. மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையே நாட்பட்ட இடுப்புவலிக்கு நன்று என ஸ்பெயின் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2003இல் காட்டியது. எழும்போது நேரே நிமிராமல், ஒருக்களித்துக் கையூன்றி எழுக.

இவ்வளவு காத்தும் வலி வந்தால் யாரிடம் செல்வது? இக்காலத்தில் கைரோபிராக்டிக் என்ற சொல் பலர் வாயில் வழங்குகிறது. 1895இல் அமெரிக்காவில் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவர் தொடங்கிய முறை அது. கிரேக்கச் சொற்களால் ஆன அப்பெயர், கையால் செய்வது எனப் பொருள்படும். முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் இம்முறை, இடுப்புவலிக்கு உடற்பயிற்சி போன்ற பிற முறைகளை ஒத்த அளவிலான பயன் தருகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்பார் சொல்லை நம்ப வேண்டா. ‘படக்’கென்று கேட்கும் ஒலி எலும்பு இடம் சேர்ந்ததற்குச் சான்றும் அன்று.

கைமருத்துவம் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் அதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். வர்மங்கள் 108 என்றும், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் அந்நூலார் வகுத்தனர். தவறாகத் தொட்டால் தீங்கு விளையும் என்று அவர்களே எச்சரித்ததனால், அக்கலை முறையாகக் கற்றவர் கைக்கே உரியது. நம் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் மருத்துவமனையை நாடலாம். மருந்துக்குத் தேன் அனுபானமாகச் சொல்லப்பட்டால், நம் விரதத்தை வைத்தியரிடம் தயங்காது கூறி மாற்றுக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முடிதிருத்தகத்திலோ, காணொளியைப் பார்த்து வீட்டிலோ, கழுத்தைத் திருகி நெட்டி எடுக்க யாரையும் விடாதீர்கள். அரிதாயினும், கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்வதுண்டு. மேலும், வலியோடு கால் மரத்தல் அல்லது வலுவிழத்தல், சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் பிரியாமை, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், விழுந்தபின் தோன்றும் கடும் வலி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், தடவவும் வேண்டா, சுளுக்கு வழிக்கவும் வேண்டா. உடனே மருத்துவமனை செல்க. இவை இல்லாத சாதாரண இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். அதற்காகப் பாயோடு பாயாகக் கிடத்தல் தகாது. இயன்ற அளவு நடமாடுதலே நன்று.

நிறைவாக, அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாத்திர தானம் என நான்கு தானங்களை நம் முன்னோர் போற்றினர். ஜினாலயப் படிகளுக்கு இருபுறமும் கைப்பிடி அமைத்தலும், வழிபாட்டுக் கூடத்தில் பெரியோர்க்குப் பத்து நாற்காலி இடுதலும், இருண்ட பிராகாரத்தில் விளக்கு ஏற்றுதலும் ஔஷத தானமே ஆகும். நோய் வந்தபின் கொடுக்கும் மருந்தைவிட, நோய் வாராமற் காக்கும் இம்மருந்து சிறந்தது. அடுத்த விழாவுக்குள் இவை நிறைவேறினால், இன்று வீட்டில் இருந்துவிட்ட பெரியவர்களையும் இவ்வவையில் காண்போம்.

நோக்கி நடப்போம், நோக்கி எடுப்போம், நோக்கி வைப்போம். பிற உயிரும் வாழும். நம் உடலும் நலம் பெறும்.

அறம் வளர்க!