காடு வறண்டால் பாலை... வீடு வறண்டால்?

(தொலைக்காட்சி விவாத அரங்கில் ‘குடும்பச் சுற்றுலா உறவுக்கு உரமா, வீண் செலவா?’ என்ற தலைப்பில் ‘உறவுக்கு உரமே’ என்னும் அணியில் கிள்ளானைச் சேர்ந்த இல்லத்தரசி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய சகோதரர் பெட்ரோல் இவ்வளவு, டோல் இவ்வளவு, தங்கும் அறை இவ்வளவு என்று கணக்கைக் கொட்டிவிட்டுப் போனார். கணக்கில் தப்பில்லை. என் வீட்டுக்காரரும் இதே கணக்கைத்தான் சொன்னார். அவர் கிள்ளான் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர். ‘சுற்றுலா’ என்று நான் வாயைத் திறந்தாலே, “வாரத்துல ஆறு நாள் ஸ்டியரிங் பிடிக்கிறேன். ஏழாவது நாளும் பிடிக்கச் சொல்றியே, நீ மனுஷியா?” என்பார். (சிரிப்பு)

ஐயா, நாம் பயணமே போகாதவர்களா? போகிறோம். கோயிலுக்குப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம், கருமாதிக்குப் போகிறோம். தைப்பூசத்துக்குப் பத்துமலை, தீபாவளிக்கு மாமியார் வீடு. எல்லாமே போயாக வேண்டிய இடம். போனதும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் சமையல்கட்டுப் பக்கம், பிள்ளைகள் கைப்பேசிப் பக்கம். திரும்பி வரும்போது காரில் எல்லாரும் தூக்கம், ஓட்டுகிறவரைத் தவிர!

எனக்குப் பிரிக்பீல்ட்சில் ஒரு தம்பி இருக்கிறான். மூன்று வருடம் சீட்டுப் போட்டு, குடும்பத்தோடு அமெரிக்கா போய் வந்தான். வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பாலைவனத்தில் இருக்கும் தேசியப் பூங்காக்களைச் சுற்றிப் பார்த்திருக்கிறான். 1919இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிராண்ட் கேன்யன், அதே வருடம் அந்தத் தகுதி பெற்ற ஸயன், பிறகு ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்று பெயர் வாங்கிய டெத் வேலி. அந்தப் பள்ளத்தாக்கில் 1913ஆம் ஆண்டு ஜூலை மாதம் 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாகியிருக்கிறது. அதன் தாழ்வான பகுதி கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. நமக்கு 35 டிகிரி வந்தாலே பள்ளிக்கூடத்துக்கு லீவு விடலாமா என்று யோசிக்கிறோம்!

தீபாவளிக்கு வந்தவன் படங்களைக் காட்டினான். பாறை, பாறை, அதற்கப்புறமும் பாறை. “இதைப் பார்க்கவாடா இவ்வளவு செலவு?” என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் இன்றைக்கு என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறது. “அக்கா, அங்க பல மைல் தூரத்துக்குக் கடை இல்ல, ஆள் இல்ல, போன்ல லைனும் இல்ல. முதல் நாள் எல்லாருக்கும் எரிச்சல். ரெண்டாவது நாள் என் மக பேச ஆரம்பிச்சா. அவளுக்குப் பள்ளிக்கூடத்துல என்ன கஷ்டம்னு எனக்கு அங்கதான் தெரிஞ்சது. பிரிக்பீல்ட்ஸ்ல பக்கத்து அறையில இருந்தவ. அதைக் கேட்க நான் பாலைவனம் வரைக்கும் போக வேண்டியிருந்தது.”

எனக்குச் சுருக்கென்றது. காரணம், அப்போது என் வீட்டில் மூன்று மாதமாக ஒரு மௌன விரதம் நடந்துகொண்டிருந்தது. என் மூத்த மகனுக்கு எஸ்.பி.எம். முடிவு எதிர்பார்த்தபடி வரவில்லை. தாளைப் பார்த்த ஆத்திரத்தில் இவர், “நீ லாரி கழுவத்தான் லாயக்கு” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நின்றது பேச்சு. “அம்மா, அப்பாகிட்ட சொல்லுங்க”, “உன் மகன்கிட்ட சொல்லு” என்று இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரர். பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கடப்பிதழ் எடுத்து வைத்துவிட்டான். பேசாமலே போய்விடுவானோ என்று எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

நடுவர் அவர்களே, நம் பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்ற நான்குக்கும் சொந்த இடம் உண்டு. பாலைக்கு அப்படித் தனியாக ஓர் இடம் கிடையாது. மலையும் காடும் வெயிலில் காய்ந்து தன் இயல்பை இழந்தால் அதுவே பாலையாகிவிடும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலைக்கு அவர்கள் கொடுத்த உணர்வு என்ன? பிரிவு. என் வீட்டில் சோபா இருந்தது, குளிர்சாதனம் இருந்தது. ஆனால் நான் குடியிருந்தது பாலையில்.

அமெரிக்கா போக நமக்கு வசதியில்லை. நம் நாட்டில் பாலைவனமும் இல்லை. தேசியப் பூங்கா இருக்கிறதே! பகாங், கிளந்தான், திரங்கானு என்று மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் தாமான் நெகாரா. வெள்ளைக்காரர் காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் இருந்து, சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பெயர் பெற்றது. 13 கோடி ஆண்டு பழமையான காடு என்று சொல்கிறார்கள். தீபகற்ப மலேசியாவின் உயரமான சிகரமான 2,187 மீட்டர் குனோங் தஹான் அதற்குள்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிறார்கள். கிள்ளானில் பிறந்து வளர்ந்த நான் நாற்பத்தாறு வயது வரைக்கும் பார்த்ததில்லை.

அழுது, அடம்பிடித்து, இவரைச் சம்மதிக்க வைத்தேன். நாங்கள் இருவர், மகன், சின்ன மகள், என் மாமியார். ஐந்து பேர், ஒரு பழைய புரோட்டோன் கார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா சுரங்கப்பாதையைத் தாண்டும்வரை காருக்குள் ஒரு சத்தமில்லை. என் மகன் காதில் ஒயர். இவர் கண் சாலையில். தெமர்லோ வந்து, ஜெராண்டுட் போய், அங்கிருந்து கோலத் தஹான் சாலையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் செம்பனை. நட்ட நடுவில் டயர் பஞ்சர்!

இவர் ஒன்றும் பேசாமல் இறங்கினார். நான் மகனைப் பார்த்தேன். அவன் ஒயரைக் கழற்றிவிட்டு இறங்கினான். இவர் ஜாக்கியை வைத்துக்கொண்டு, “மொதல்ல நட்டை லூஸ் பண்ணணும். வண்டியைத் தூக்கிட்டு லூஸ் பண்ணினா சக்கரம் சுத்தும்” என்றார். மூன்று மாதத்தில் அப்பா மகனிடம் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை அது. பையன், “எந்தப் பக்கம்ப்பா திருப்பணும்?” என்றான். எதிரணிச் சகோதரரே, பஞ்சர் ஒட்டப் பதினைந்து வெள்ளி ஆனது. அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? (கைதட்டல்)

கோலத் தஹான் கிராமம் ஆற்றுக்கு இந்தக் கரை. பூங்கா அந்தக் கரை. சின்னப் படகில் கடக்க வேண்டும். படகுத் துறையில் என் மாமியார் நின்றுவிட்டார். “நான் வரல. நீங்க போயிட்டு வாங்க” என்றார். தண்ணீருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. “எங்கப்பா காலத்துல காட்டை வெட்டித்தான் தோட்டம் போட்டாங்க. காட்டைச் சாய்ச்சவங்க வம்சம் நாங்க. எந்த முகத்தோட உள்ள போறது?”

எழுபத்தெட்டு வயது. பன்னிரண்டு வயதில் பால்வாளி தூக்கியவர். தோட்டத்தை விற்று வீடமைப்புப் பகுதியாக மாற்றியபோது லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளான் அடுக்குமாடிக்கு வந்தவர். இப்படிப்பட்ட கதை ஒரு குடும்பத்துக் கதை இல்லை. இன்றைய புத்ராஜெயா எழுந்து நிற்கும் இடத்திலும் பேராங் புசார் போன்ற தோட்டங்கள் இருந்தன. அங்கேயும் நம் மக்கள் மரம் வெட்டினார்கள். காட்டை இழந்து தோட்டம், தோட்டத்தை இழந்து நகரம். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், அத்தை மனதில் இப்படி ஒரு பாரம் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை, அதுதான் உண்மை.

என் மகன்தான் போய் அவர் கையைப் பிடித்தான். “பாட்டி, வெட்டச் சொன்னது வேற ஆளு. நீங்க கூலிக்கு வேலை செஞ்சீங்க. வாங்க” என்றான். படகில் ஏறினார்.

உள்ளே போனதும் கதையே மாறிவிட்டது. மழை பெய்த தரை. அட்டை காலில் ஏறியது. சின்னவள் அலறினாள். அத்தை தன் சுருக்குப்பையைத் திறந்தார். வெற்றிலைக்கு வைத்திருந்த புகையிலையைத் தண்ணீரில் நனைத்து எங்கள் எல்லார் காலுறையிலும் தேய்த்துவிட்டார். “தோட்டத்துல இதான் மருந்து” என்றார். அதற்கப்புறம் அட்டை எங்களை அதிகம் சீண்டவில்லை. வீட்டில் “பாட்டிக்கு ஒன்னும் தெரியாது” என்று சொல்கிற என் மகள், அன்றைக்கு முழுக்கப் பாட்டி கையை விடவில்லை. எந்தப் பறவை எப்போது கத்தும், மழை வருமுன் காட்டில் என்ன வாசம் அடிக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, கூட வந்த வழிகாட்டியே நின்று கேட்டார்.

அன்று இரவு விலங்கு பார்க்கும் மறைவிடத்துக்குப் போனோம். மலாயில் பும்புன் என்பார்கள். மரத்தாலான சின்ன வீடு மாதிரி. எதிரில் விலங்குகள் உப்புக்காக வந்து நக்கும் இடம். வழிகாட்டி, “போனை அணைத்து விடுங்கள், பேசாதீர்கள்” என்று சொல்லிவிட்டார். இருட்டு. பூச்சிச் சத்தம். அரை மணி நேரம் ஆனது, ஒன்றும் வரவில்லை. திடீரென்று இவர் குரல், கிசுகிசுப்பாக. “டேய், நானும் மூணாம் படிவத்தோட நின்னவன்தான். படிக்க முடியலைங்கிற வலி எனக்குத் தெரியும். என் மேல இருந்த கோபத்தை உன் மேல காட்டிட்டேன்.”

பையன் ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, “தெரியும்ப்பா” என்றான். அவ்வளவுதான். சினிமாவில் வருவது போல் கட்டிப்பிடித்து அழவில்லை. பேசலாம் என்று இருக்கும் வீட்டில் பேசாதவர்கள், பேசக்கூடாத இடத்தில் பேசிவிட்டார்கள். (சிரிப்பு, கைதட்டல்) கொஞ்ச நேரத்தில் ஒரு கடமான் வந்து நின்றது. எல்லாரும் மானைப் பார்த்தார்கள். நான் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் பிறகு சிங்கப்பூர் போகத்தான் செய்தான். பயணம் போனால் பிரச்சினையெல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது வாரம் இரண்டு முறை அப்பாவுக்குப் போன் வருகிறது. தபால்காரர் வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது.

எதிரணி கேட்கும்: “இதற்குக் காடு வரை போக வேண்டுமா? வீட்டில் பேசினால் போதாதா?” போதும். பேசுகிறவர்கள் போகவே வேண்டாம். ஆனால் வீட்டில் எழுந்து போக ஆயிரம் வழி. அறைக்குப் போகலாம், தொலைக்காட்சி முன் போகலாம், ஓ.டி. பார்க்கப் போகலாம். ஓடுகிற காரில் எங்கே போவீர்கள்? தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே நெத்திலிப் பொட்டலத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் கூடச் சாலையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இதில் ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஓட்டுகிறவரும் மனிதர்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்விடத்தில் நிறுத்துங்கள். கிளம்புமுன் டயரைப் பாருங்கள், உபரி டயரையும் பாருங்கள். பெருநாள் நெரிசலில் போகாதீர்கள். உறவை வளர்க்கப் போகிறவர்கள் உயிரோடு திரும்பி வர வேண்டும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, கெப்போங்கில் மலேசிய வன ஆய்வுக் கழகம் இருக்கிறது. இன்றைக்கு அங்கே வானைத் தொடும் மரங்கள். நூறு வருடத்துக்கு முன் அது எப்படி இருந்தது தெரியுமா? ஈயம் தோண்டி எடுத்து மணல்மேடாய்ப் போட்டுவிட்டுப் போன தரிசு. 1920களில் தொடங்கி ஒவ்வொரு மரமாக நட்டார்கள். மனிதன் நட்ட அந்தக் காட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது.

காடு காய்ந்தால் பாலையாகும் என்று முன்னோர் சொன்னார்கள். பாலையும் மறுபடி காடாகும் என்று கெப்போங் சொல்கிறது. அதற்கு யாராவது ஒருவர் முதல் கன்றை நட வேண்டும். என் வீட்டில் அந்த முதல் கன்று, “மொதல்ல நட்டை லூஸ் பண்ணணும்” என்ற ஒரு வார்த்தை.

வருடத்துக்கு ஒரு முறை, கோயிலும் கல்யாணமும் கருமாதியும் இல்லாத ஒரு பயணம் போங்கள். வீட்டில் இருக்கும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் டயர் பஞ்சரானால் கோபப்படாதீர்கள்.