தூங்குமஞ்சத்தின் தலைப்புக் கட்டு



பாசறைக்குச் செல்லும் மாணவர் தம் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய தூங்குமஞ்சத்தைப் பற்றி, அதிலும் அதன் இரண்டு தலைப்புகளைப் பற்றி மட்டும், இன்று சில வார்த்தைகள் சொல்ல எண்ணியுள்ளேன். இதற்கு ஒரு முழுப் பேச்சு வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். மஞ்சத்தின் நடுப்பகுதி வெறும் துணி. மூன்று மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் உள்ள உறுதியான துணியை எந்தப் பிடவைக் கடையிலும் வெட்டி வாங்கலாம். அந்தத் துணி கயிறாக மாறும் இடமே தலைப்பு. படுத்திருப்பவனின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்த ஒரு பிடி அகலமே.

கொலம்பஸ் 1492 ஆம் ஆண்டில் கரிபியன் தீவுகளை அடைந்தபோது அங்குள்ள மக்கள் இத்தகைய வலைப் படுக்கைகளில் உறங்குவதைக் கண்டார். பின்னர் ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளின் படுக்கையாக அது இடம்பெற்றது. நமக்கோ இது முற்றிலும் புதியதன்று. நம் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் ஏணையை அறியாதவர் யார்? ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஏணையின் இரு தலைப்புகளும் ஒன்றுகூடி வீட்டு வளையில் தொங்குவதால் பாரம் நேரே கீழ்நோக்கி விழுகிறது. தூங்குமஞ்சமோ இரு மரங்களுக்கிடையே விரிவது. அதன் கயிறுகள் பக்கவாட்டிலும் இழுபடுகின்றன. ஏணை கட்டத் தெரிந்தவர் தூங்குமஞ்சமும் கட்டத் தெரிந்தவரே என்று எண்ணிவிடுவது பெரும் பிழை. அப்பிழையைச் செய்தவன் நான்.

2014 ஆம் ஆண்டு, வன்னியில் ஒரு குளக்கரை. மாரிமழை விட்ட சமயம், நிலம் ஈரம். மாணவர்களைத் தரையில் படுக்கவிட மனமின்றி மருத மரங்களுக்கிடையே மஞ்சங்களைக் கட்டினோம். பாம்புக்கு அஞ்சி, அவற்றை நெஞ்சளவு உயரத்தில் கட்டச் செய்தவனும் நானே. ஒரு மஞ்சத்தின் துணி வழவழப்பான நைலோன். அதன் தலைப்பைக் கொசுவி, கயிற்றால் இறுக்கிச் சுற்றி முடிந்தேன். கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் நள்ளிரவு வரை பாரத்தோடு இருந்த துணி, கட்டுக்குள்ளிருந்து நூல் நூலாக வழுக்கி வெளியேறியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் விழுந்தான். தோள் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தூக்குத் துணியில் வைத்திருந்தான். மருத்துவமனை வாசலில் அவனுடைய தாய் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சேர், அதை ஆர் கட்டினது?” நான்தான் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சுற்றிக் கட்டுவது மட்டும் போதாது. கட்டுக்கு அப்பால், வழுக்க விடாத ஒரு பருமன் வேண்டும். அதைச் செய்ய எளிய வழிகள் சில உண்டு.

மெல்லிய பருத்தித் துணியாயின் தலைப்பையே ஒரு முடிச்சாகப் போட்டுவிடலாம். முடிச்சுக்கு உட்புறமாகக் கயிற்றை இறுக்கினால் முடிச்சே தடையாக நிற்கும். ஊசி நூல் வேண்டியதில்லை. ஆனால் இரு பக்கத்திலும் நல்ல நீளம் முடிச்சுக்குள் போய்விடும். ஆகவே துணியை முன்கூட்டியே நீளமாக எடுக்கவேண்டும். பாரமேறிய பின் அந்த முடிச்சை அவிழ்ப்பதும் கடினம்.

தையல் தெரிந்தவர்கள் தலைப்பை ஐந்து சென்ரிமீற்றர் அளவில் மடித்து, குழல்போல் தைத்து, அதனுள் கயிற்றைச் செலுத்திச் சுருக்கலாம். பார்வைக்கு இதுவே அழகானது. இங்கு பாரத்தைத் தாங்குவது தையல் என்பதை மறக்கலாகாது. ஒரு வரித் தையல் போதாது. மூன்று வரியாவது ஓடவேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். பொலியெஸ்ரர் நூல் நல்லது.

பழைய பருத்திச் சேலை இருந்தால் தையலும் வேண்டாம். சேலையை இரண்டாக மடித்தால் மடிப்பு விழும் பக்கம் தானே ஒரு வளையமாகிறது. கயிற்றை அதனுள் இட்டுச் சுருக்கிவிடலாம். மற்றப் பக்கத்தில் இரு தலைப்புகளையும் சேர்த்து முடிச்சிடவேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் வெயிலில் உலர்ந்த சேலை நூல் நலிந்திருக்கும். பெருவிரலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். நூல் விலகினால் அது மஞ்சத்துக்கு உதவாது.

இவற்றிலும் மேலான முறையை எனக்குக் கற்பித்தவன், அதே பாசறையில் இருந்த ஒரு கடற்றொழிலாளியின் மகன். விபத்து நடந்த மறுநாட் காலை அவன் அந்த நைலோன் துணியை எடுத்து, தலைப்பை நெருக்கமாகக் கொசுவி, நுனியிலிருந்து ஒரு சாண் அளவைத் தன்மேலேயே திருப்பி மடித்தான். இப்போது துணி ஒரு கொக்கிபோல் வளைந்து நின்றது. கயிற்றின் நுனியைக் கீழிருந்து அவ்வளைவுக்குள் மேலே கொண்டுவந்தான். துணியின் இரு கால்களையும் பின்புறமாக ஒருமுறை சுற்றினான். மீண்டும் ஒருமுறை சுற்றினான். பிறகு நுனியைக் கயிற்றின் தாய்ப்பகுதிக்குக் கீழே நுழைத்து இழுத்தான். பாரம் ஏற ஏற அந்தப் பிடி இறுகியது. பாரத்தை நீக்கி வளைவைப் பின்னோக்கித் தள்ளினால் உடனே இளகியது.

“இது எங்கை படிச்சனி?” என்றேன்.

“வலை பொத்துற முடிச்சுத்தான் சேர். ஒருக்காச் சுத்துறதை ரெண்டு தரம் சுத்தினன்.”

உண்மைதான். மீன்வலையின் ஒவ்வொரு கண்ணிலும் இருப்பது இம்முடிச்சே. தறியில் இழை அறும்போது நெசவாளர் இடுவதும் இதே அமைப்புடையது. சாரணர் கைந்நூல்களில் உள்ள படத்தைப் பல ஆண்டுகளாக மாணவருக்குக் கற்பித்த எனக்கு, அது இந்த இடத்துக்கு உரியது என்று தோன்றவில்லை. வழுக்கும் துணிக்கு, திருப்பி மடித்த பகுதியை ஒரு மெல்லிய கயிற்றால் சேர்த்துக் கட்டிவிடுவது மேலும் பாதுகாப்பு.

தலைப்பு எவ்வளவு உறுதியாயினும், மஞ்சத்தைக் கட்டில்போல் தட்டையாக இழுத்துக் கட்டினால் அது துன்பப்படும். கணிதம் கற்கும் மாணவர் இதைத் தாமே கணித்துப் பார்க்கலாம். கயிறு கிடையோடு 30 பாகை சாய்ந்திருந்தால், 60 கிலோகிராம் நிறையுள்ளவன் படுக்கும்போது ஒவ்வொரு கயிற்றிலும் 60 கிலோகிராம் அளவு இழுவை உண்டாகும். சாய்வு 10 பாகையாகக் குறைந்தால் அதே மனிதனுக்கு இழுவை ஏறத்தாழ 173 கிலோகிராம் ஆகிவிடும். ஆகவே மஞ்சம் நன்கு தொய்ந்து தொங்கட்டும். ஒரு மீற்றர் கிடைத்தூரத்துக்குக் கயிறு 58 சென்ரிமீற்றர் அளவு உயர்ந்தால் 30 பாகை அமையும். தொய்ந்த மஞ்சத்தில் சற்றே மூலைவாட்டாகப் படுத்தால் முதுகும் வளையாது.

மரத்தில் மெல்லிய கயிற்றை நேரே சுற்றாது, அகலமான பட்டியையோ மடித்த சாக்கையோ இட்டுக் கட்டுங்கள், பட்டை காயப்படாது. மஞ்சத்தில் ஒருவர் அமர்ந்திருக்கும்போது அதன் அடி முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கலாகாது. பாம்புக்கு அஞ்சுவோர் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கி ஒரு விளக்கை வைத்துக்கொள்ளட்டும்.

அந்த மாணவன் மறு ஆண்டும் பாசறைக்கு வந்தான். தாய்தான் அனுப்பி வைத்தார். அன்று தொடங்கி எங்கள் பாசறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாணவர் கட்டிய மஞ்சம் ஒவ்வொன்றிலும், மாலை வெளிச்சம் மங்குமுன், நான் முதலில் ஏறிக் கால்மணி நேரம் படுத்திருப்பேன். நான் நிறைகூடியவன். இறங்கியதும் இரு தலைப்புகளையும் தடவிப் பார்ப்பேன். கட்டின் ஓரத்தில் துணியின்மேல் கரித்துண்டால் முன்பே இட்ட கோடு, இட்ட இடத்திலேயே இருக்கவேண்டும். ஒரு நூலளவு விலகியிருந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வேன்.